பெஞ்சுக்குப் போன கிளே

சால்ட் லேக் சிட்டியில் அது வியாழக்கிழமை ராத்திரி. நமக்கு வெள்ளிக்கிழமை காலை, 2024 பிப்ரவரி 16. காபி டம்ளரோடு செல்போனில் ஸ்கோர் பார்க்க உட்கார்ந்தால், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணியின் முதல் ஐந்து பேர் பட்டியலில் கிளே தாம்ஸன் பெயரைக் காணோம். அடிபட்டுவிட்டதோ என்று பதறிப் பார்த்தேன். அதெல்லாம் இல்லை. ஆள் கல்லு மாதிரி இருக்கிறார், சீருடை போட்டுக்கொண்டு ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இடத்தில் பிராண்டின் பொட்ஜெம்ஸ்கி என்று வாயில் நுழையாத பெயரோடு ஒரு பையன். வயசு 20. கிளேவுக்கு முந்தின வாரம்தான் 34 முடிந்திருந்தது. கிளே என்.பி.ஏ.வுக்குள் நுழைந்த 2011-ல் இந்தப் பையன் எட்டு வயசுக் குழந்தை.

கிளே தாம்ஸன் யார் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: நான்கு முறை சாம்பியன். 2015 ஜனவரியில் ஒரே கால்பாகத்தில், அதாவது பன்னிரண்டு நிமிடத்தில், 37 புள்ளிகள். 2016 டிசம்பரில் வெறும் 29 நிமிடம் ஆடி 60 புள்ளிகள். 2018 அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் 14 மூன்று-புள்ளி கூடைகள். ஸ்டீஃபன் கரியும் இவரும் ஜோடியாக நின்று எறிய ஆரம்பித்த பிறகுதான் உலகம் முழுக்கச் சின்னப் பசங்கள் கூடைக்குப் பக்கத்தில் போவதையே விட்டுவிட்டுத் தூரத்திலிருந்தே எறிய ஆரம்பித்தார்கள். 2012 மார்ச்சுக்குப் பிறகு ஆடிய ஒவ்வொரு லீக் ஆட்டத்திலும், 700-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில், முதல் ஐந்து பேரில் ஒருவர். அந்த மனுஷனைத்தான் கோச் ஸ்டீவ் கெர், 'கொஞ்சம் ஓரமா உட்காருப்பா' என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் மறுநாள் விளையாட்டுப் பக்கங்களுக்கெல்லாம் அல்வா. பெஞ்சிலிருந்து எழுந்து வந்த கிளே, 28 நிமிடம் ஆடி 35 புள்ளிகள் எடுத்தார். 22 தடவை எறிந்து 13 கூடை, அதில் ஏழு மூன்று-புள்ளி. வாரியர்ஸ் 140-137 என்று யூட்டா ஜாஸ் அணியை ஜெயித்தது. கேட்க வேண்டுமா? 'பழைய புலி பதில் சொன்னது', 'கோச் முகத்தில் கரி' ரகத்தில் எழுதித் தள்ளிவிட்டார்கள். சினிமாவில் இடைவேளைக்கு முன்னால் ஹீரோவை அவமானப்படுத்தி, இடைவேளைக்குப் பிறகு திருப்பி அடிக்கவைக்கிற அதே கதை!

நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. கெர் எடுத்த முடிவு சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட சமாதானங்களில் பாதி எனக்கு ஒப்பவில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் அந்த 35. எதிரே இருந்த யூட்டா, முந்தின வாரம்தான் சில ஆட்டக்காரர்களை வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டிருந்தது. அந்தப் பருவத்தை 31 வெற்றி, 51 தோல்வி என்று முடித்த அணி. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. முதல் ஐவரில் ஆடும்போது கிளே கரியோடு பந்தைப் பகிர வேண்டும், எதிரணியின் ஆகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களைச் சமாளிக்க வேண்டும். கரி ஓய்வெடுக்கும் நேரத்தில் இறங்கினால்? எதிரிலும் இரண்டாம் வரிசை ஆட்கள். பந்து முழுக்க இவர் கைக்கு வரும். ஆக, அந்த 35 கோச்சுக்கு எதிரான சாட்சி இல்லை. கோச் போட்ட கணக்கு சரி என்பதற்கான சாட்சி! எழுதினவர்கள் சாட்சியை எதிர்க்கட்சி கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

கூடைப்பந்தை அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். கிரிக்கெட்டில் பதினோரு பேரில் இடமில்லை என்றால் தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டியதுதான். கால்பந்தில் வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போக முடியாது. கூடைப்பந்தில் அப்படி இல்லை. 48 நிமிட ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். யார் ஆரம்பிக்கிறார்கள் என்பதைவிட யார் முடிக்கிறார்கள் என்பதுதான் அங்கே பெரிய விஷயம். கடைசி நாலு நிமிடம் கோச் யாரைக் களத்தில் வைத்திருக்கிறாரோ அவர்கள்தான் அவர் உண்மையிலேயே நம்புகிற ஐந்து பேர்.

இந்த இடத்தில்தான் பத்திரிகைகள் கோட்டைவிட்டன. கிளேவுக்கு விழுந்த உண்மையான அடி யூட்டாவில் இல்லை, அதற்குப் பத்து நாள் முன்னால் புரூக்ளினில். அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கெர் இவரை உட்கார வைத்துவிட்டு, கீ சான்டோஸ் என்ற பிரேஸில் நாட்டுப் புதுமுகத்தை ஆடவிட்டார். 2022 தேர்வில் 55-வது ஆளாக எடுக்கப்பட்ட பையன். வாரியர்ஸ் ஜெயித்தது. ஆட்டம் முடிந்து நிருபர்களிடம் பேசிய கிளே எதையும் மறைக்கவில்லை. ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்தவனுக்கு இது கஷ்டமாக இல்லாமல் எப்படி இருக்கும் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். நான் பார்த்தவரை அந்தப் பருவத்தில் அவர் பேசியதிலேயே உண்மையான பேச்சு அதுதான். யூட்டாவில் நடந்தது அதன் தொடர்ச்சி. ஆனால், விளக்கை அணைத்து, இசை போட்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிற அந்த ஆரம்பச் சடங்கில் பெயர் இல்லையென்றால்தான் உலகத்துக்கு உறைக்கிறது.

சரி, எறிகிற கை போய்விட்டதா கிளேவுக்கு? இல்லையே! அதற்கு முந்தின பருவத்தில், 2022-23-ல், மொத்த லீக்கிலும் அதிக மூன்று-புள்ளி எறிந்தவர் இவர்தான். 301. போனது கை இல்லை, கால். 2019 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் இடது முழங்கால் நரம்பு கிழிந்தது. உள்ளே போனவர் திரும்ப நடந்து வந்து, அந்தக் காலோடு நின்று, தனக்கு வர வேண்டிய இரண்டு ஃப்ரீ த்ரோவையும் எறிந்து, இரண்டையும் போட்டுவிட்டுத்தான் வெளியேறினார். குணமாகி வருகிற நேரத்தில் 2020 நவம்பரில் வலது குதிகால் நரம்பு. 941 நாள் களத்துக்கு வெளியே. ஊரெல்லாம் 'கிளே முதல் தடவையாகப் பெஞ்சில்' என்று எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாக அவர் உட்கார்ந்திருந்தது வேறு எங்கே? 2021 நவம்பரில் ஒரு ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் படம் பார்த்தவர்களுக்கு மறக்காது.

கால் போனால் முதலில் போவது தடுப்பாட்டம். பழைய கிளே எதிரணியின் ஆபத்தான ஆளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வார், அதனால் கரிக்கு இளைப்பாற நேரம் கிடைக்கும். புள்ளிப் பட்டியலில் ஏறாத உழைப்பு அது. 2022-ல் திரும்பி வந்தவரால் அதைச் செய்ய முடியவில்லை. எறிவது பட்டியலில் தெரிந்தது. தடுக்காதது தெரியவில்லை. பொட்ஜெம்ஸ்கி அதற்கு நேர் எதிர். சராசரி 9.2 புள்ளிதான், யாரும் சுவரில் படம் ஒட்டமாட்டார்கள். ஆனால் ஓடிவருகிறவன் முன்னால் போய் அசையாமல் நின்று, நெஞ்சில் இடி வாங்கிக் கீழே விழுந்து, எதிரணிக்குத் தவறு வாங்கித்தருகிற வேலையில் அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அவர்தான் நம்பர் ஒன். கூடவே ரீபவுண்ட். வயசான அணிக்கு வேண்டியது அதுதான். அதைக் கண்ணால் பார்த்து முடிவெடுத்தார் கெர்.

கெர் பற்றி ஒரு விஷயம். ஆட்டக்காரராக அவர் ஜெயித்த சாம்பியன் மோதிரங்கள் ஐந்து. ஆடிய 910 ஆட்டங்களில் முதல் ஐவரில் இறங்கியது எத்தனை தெரியுமா? 30. வாழ்நாள் முழுக்க பெஞ்சிலேயே உட்கார்ந்து, மைக்கேல் ஜோர்டன் பந்தைத் தள்ளிவிடும்போது எறிந்து ஜெயித்த மனுஷன். பெஞ்சில் உட்காருவது அவருக்குத் தண்டனை இல்லை, பிழைப்பு. அவர் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

பலத்துக்கு உதாரணம் 2014. கோச்சாக அவருக்கு முதல் வருஷம். வந்ததும் வராததுமாக ஆண்ட்ரே இக்வோடாலாவை பெஞ்சுக்கு அனுப்பினார். அதுவரை ஆடிய 758 ஆட்டங்களிலும் முதல் ஐவரில் இறங்கியவர் இக்வோடாலா. அவர் இடத்துக்கு இளைஞர் ஹாரிசன் பார்ன்ஸ். பருவம் முழுக்க ஒரு ஆட்டம்கூட முதலில் இறங்காமல் இருந்தார் இக்வோடாலா. இறுதிப் போட்டியில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லேண்ட் 2-1 என்று முன்னால் நின்றபோது, நாலாவது ஆட்டத்தில் கெர் அவரை முதல் ஐவரில் இறக்கினார். வரிசையாக மூன்று வெற்றி, கோப்பை, இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இக்வோடாலாவுக்கே! அந்தப் பருவ லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட முதலில் இறங்காத ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை.

எல்லாருக்கும் இது வாய்த்துவிடாது. 2001-ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரராக இருந்த ஆலன் ஐவர்சன், 2009-ல் மெம்ஃபிஸ் அணியில் பெஞ்சிலிருந்து இறங்க வேண்டும் என்றதும் மூன்றே ஆட்டத்தில் மூட்டை கட்டினார். கார்மெலோ ஆந்தனியிடம் 2017-ல் ஓக்லஹாமாவில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, 'யாரு, நானா?' என்கிற மாதிரி சிரித்துவிட்டார். நாலு வருஷம் கழித்து லேக்கர்ஸில் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார். கிளேவோ, அன்று யூட்டா ஆட்டம் முடிந்ததும் மானு ஜினோபிலியின் பெயரைத் தானாகவே எடுத்தார். ஸ்பர்ஸ் அணிக்காக 1,057 ஆட்டம் ஆடி, 349-ல் மட்டுமே முதலில் இறங்கியவர் ஜினோபிலி. நான்கு சாம்பியன் பட்டம், ஏதென்ஸில் ஒலிம்பிக் தங்கம். அவரைப் போய் யார் 'பெஞ்ச் ஆட்டக்காரர்' என்று சொல்கிறார்கள்?

வீட்டிலேயே இன்னொரு உதாரணம் இருந்தது. கிளேயின் அப்பா மைக்கல் தாம்ஸன். 1978 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். 1987 பிப்ரவரியில் லேக்கர்ஸுக்கு வந்தபோது, 39 வயசு கரீம் அப்துல் ஜப்பாருக்கு மாற்றாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே கதை தலைகீழ் பாருங்கள், கிழவர் களத்தில், இளையவர் ஓரத்தில். அப்படி உட்கார்ந்தே இரண்டு கோப்பை ஜெயித்தார்.

இனி எனக்கு ஒப்பாத பகுதிக்கு வருகிறேன். நான் பி.காம். படித்தவன். பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் என்று ஒரு பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கூட்டு வியாபாரத்தில் புதுப் பங்குதாரர் உள்ளே வந்தால் பழையவர் பங்கு குறையும். எவ்வளவு குறைகிறதோ அதற்கு 'சாக்ரிஃபைசிங் ரேஷியோ' என்று பெயர். அந்தத் தியாகத்துக்கு ஈடாக, கடைக்கு இத்தனை வருஷம் சேர்ந்த நல்ல பெயரை, அதாவது குட்வில்லை, ரூபாயாக மதிப்பிட்டு, புதியவர் பழையவருக்குக் கொடுக்க வேண்டும். முறையான கணக்கு.

கூடைப்பந்தில் அந்தப் பதிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிளேயின் சம்பளம் அந்த வருஷம் 43 மில்லியன் டாலர். பொட்ஜெம்ஸ்கிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 'இவ்வளவு வாங்குகிறவனுக்கு என்ன அனுதாபம்?' என்று நீங்கள் கேட்கலாம், நியாயம். ஆனால் அது 2019-ல் போட்ட ஐந்து வருஷ, 190 மில்லியன் ஒப்பந்தத்தின் கடைசி வருஷம். பருவம் முடிந்ததும் அவர் சந்தைக்கு வர வேண்டும். அவருக்கு விலை பேசப்போகிற முதல் ஆள் யார்? இதே வாரியர்ஸ் நிர்வாகம். எத்தனை நிமிடம் ஆடுவார், எங்கே உட்காருவார் என்று தீர்மானிப்பவர் யார்? அதே நிர்வாகத்தின் கோச். சரக்கை வாங்கப்போகிறவனே எடைக்கல்லையும் வைத்திருக்கிறான்! கெர் அந்த எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை, செய்திருக்கவும் மாட்டார். ஆனால் 'அணியின் நன்மைக்காக' என்று ஒருவனிடம் கேட்கும்போது, அந்த நன்மையின் வரவு யார் கணக்கில் ஏறுகிறது என்று அவன் யோசிக்கத்தானே செய்வான்? யோசித்தால் சுயநலக்காரன் என்று எழுதிவிடுவது என்ன நியாயம்?

நான் முதலில் வேலை பார்த்த ஒரு பத்திரிகை அலுவலகத்தில், பெயர் வேண்டாம், முதல் பக்கத்தை வருஷக்கணக்காகத் தயார் செய்துவந்த மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவர் நாற்காலியில் புதுப் பையன். மனுஷனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'சார், நீங்க உள்பக்கம் பாருங்க' என்று அட்டெண்டர்தான் சொன்னார். அவரும் எதுவும் கேட்காமல், மேஜை டிராயரில் இருந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் புதுப் பையன் நான்தான். பக்கம் நான் செய்ததில் வேகமாகத்தான் போனது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

கெர் அந்த விஷயத்தில் ஆயிரம் மடங்கு மேல். தானே சொன்னார். ஊருக்கு முன்னால் கிளேயை விட்டுக்கொடுக்கவில்லை. நான் குறை சொல்வது வேறு. இதைச் சாதாரண விஷயமாகவும், பெரிய மாற்றம் எதுவும் இல்லாத மாதிரியும் காட்டினார்களே, அதை. பெஞ்சிலேயே வாழ்ந்தவருக்கு அது சாதாரணம். 12 வருஷம் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவனுக்கு இல்லை. அப்புறம், முடிவில் உறுதியாகவாவது நின்றார்களா? பெஞ்சிலிருந்து 14 ஆட்டம். பிறகு மறுபடி முதல் ஐவரில். ஏப்ரல் 16 அன்று சாக்ரமெண்டோவில் வாழ்வா சாவா ஆட்டம். கிளே முதலில் இறங்கி, பத்துத் தடவை எறிந்து, ஒன்றுகூட விழாமல், பூஜ்யம். 118-94 என்று தோற்று, வாரியர்ஸ் பருவம் முடிந்தது. 35 எடுத்த ராத்திரியைப் பற்றி எழுதியவர்கள் அந்தப் பூஜ்யத்தையும் எழுதினார்கள், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. சரியான முடிவை எடுத்துவிட்டுப் பாதியில் கைவிட்டார் கெர். பாசமா, வேறு வழியில்லாமையா, எனக்கு இரண்டும் கலந்தே தெரிகிறது.

அன்றைக்கு யூட்டாவில் நடந்த ஆட்டமே ஒரு சோகத்தின் மிச்சம். ஜனவரியில் அங்கே ஆடப்போன வாரியர்ஸின் உதவிக் கோச் டேயான் மிலோயெவிச், அணியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்துபோனார். வயசு 46. தள்ளிவைத்த அந்த ஆட்டத்தைத்தான் பிப்ரவரி 15 அன்று ஆடினார்கள். ஒரு மனுஷன் செத்துப்போன ஊரில் இன்னொருவனிடம் போய், 'நீ இன்னிக்கு பெஞ்ச்' என்று சொல்ல வேண்டிய நிலைமை. கெர் இடத்தில் இருக்க எனக்கு ஆசையில்லை.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. கிளே எப்படி முதல் ஐவருக்குள் வந்தார்? 2012 மார்ச்சில் வாரியர்ஸின் செல்லப்பிள்ளை மான்ட்டா எல்லிஸ். மோசமான வருஷங்களில் அணியைத் தோளில் தூக்கி நடந்தவர். மார்ச் 13 அன்று அவரை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்தில் ஒரு புதுமுகம், கிளே தாம்ஸன். ரசிகர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை, பழைய வீரர் கிறிஸ் மல்லினுக்கு நடந்த பாராட்டு விழாவில் உரிமையாளர் ஜோ லேகப் மைக் பிடித்ததும், அரங்கமே 'பூ' என்று கத்தி அவரைப் பேசவிடவில்லை. மூன்று வருஷம் கழித்து கிளேவும் கரியும் கோப்பையைத் தூக்கியபோது எல்லிஸை யார் நினைத்தார்கள்? எல்லிஸுக்குக் குட்வில் யாரும் கொடுக்கவில்லை. கிளேவும் கொடுக்கவில்லை.

2024 ஜூலையில் கிளே டல்லாஸ் மேவரிக்ஸுக்குப் போனார். மூன்று வருஷம், 50 மில்லியன். பொட்ஜெம்ஸ்கி அந்த வருஷப் புதுமுகங்களின் முதல் அணியில் தேர்வானார். அதற்காக அவருக்கும் நிரந்தர நாற்காலி எதுவும் கிடைத்துவிடவில்லை. அடுத்த பருவத்திலேயே சில நாள் முதலில் இறங்கினார், சில நாள் ஓரத்தில்.

நவம்பர் 12 அன்று கிளே டல்லாஸ் சட்டையோடு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் திரும்பினார். வாரியர்ஸில் இருந்த கடைசி வருஷங்களில் அவர் விரிகுடாவில் சொந்தப் படகை ஓட்டிக்கொண்டு வேலைக்கு வருவார். அதனால் 'கேப்டன் கிளே' என்று செல்லப் பெயர். அன்றைக்கு அரங்கத்துக்கு வந்த ரசிகர்களுக்கெல்லாம் வெள்ளை நிறக் கப்பல் கேப்டன் தொப்பி கொடுத்தது நிர்வாகம். ஆயிரக்கணக்கான தொப்பிகள் எழுந்து நின்று கை தட்டின. டல்லாஸின் முதல் ஐவரில் கிளே பெயரைச் சொல்லி அழைத்தார்கள். 22 புள்ளி எடுத்தார். கரி 37. வாரியர்ஸ் 120-117.